‘சும்மா ரீஃபாக்டர்தான் பண்ணினேன்’

பில்லிங் மென்பொருள் குழுக்கள் எழுதும் புரோகிராம் கோடைப் படித்து ரிவ்யூ செய்வது என் வேலை. சமீபத்தில் ஒரு கடையின் ஆடிட்டரிடமிருந்து புகார் வந்தது. பில்லில் இருக்கும் வரி பழைய கணக்கோடு பைசாவில் இடிக்கிறது என்றார். தேடிப் போனால், கடைசியாகச் சேர்ந்த புல் ரிக்வெஸ்டின் (‘என் மாற்றத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள்’ என்று ரிவ்யூவுக்கு அனுப்புவது) தலைப்பு ‘கோடு ரீஃபாக்டரிங்’. அதாவது, செய்யும் வேலை மாறாமல் கோடை உள்ளே ஒழுங்குபடுத்துவது. எழுதிய தம்பியைக் கேட்டேன். “லாஜிக்கைத் தொடவே இல்லை சார், சும்மா ரீஃபாக்டர்தான் பண்ணினேன்” என்றார். இந்த பதிலைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

தொட்டிருந்தார். பழைய கோடில் மத்திய வரி 9 சதவீதம், மாநில வரி 9 சதவீதம் என்று தனித்தனியாகக் கணக்கிட்டு, தனித்தனியாக ரவுண்ட் செய்திருந்தார்கள். பார்ப்பதற்கு ஒரே வேலை இரண்டு முறை நடப்பது போலத்தான் இருக்கும். தம்பி அதை டூப்ளிகேட் என்று நினைத்து, மொத்தமாக 18 சதவீதம் போட்டு ஒரே தடவை ரவுண்ட் செய்துவிட்டார். 99.50 ரூபாய்ப் பொருளை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் 9 சதவீதம் 8.955, ரவுண்ட் செய்தால் 8.96, இரண்டு வரிக்கும் சேர்த்து 17.92. ஒரே அடியாக 18 சதவீதம் போட்டால் 17.91. ஒரு பைசாதானே என்பவர்கள் அந்த ஆடிட்டரிடமே போய்ச் சொல்லிப் பார்க்கலாம். 

திரும்பவும் சொல்கிறேன். ரீஃபாக்டரிங் என்றால் கோடின் உள் அமைப்பு மாறும், வெளியே தெரியும் நடத்தை மாறாது. அதே இன்புட் கொடுத்தால் அதே அவுட்புட் வரவேண்டும், கடைசிப் பைசா வரை. 1992-இல் வில்லியம் ஓப்டைக் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் இதைப் பற்றி எழுதிய ஆய்வேட்டிலேயே மைய நிபந்தனை இதுதான். பிறர் எழுதி நாம் பயன்படுத்தும் லைப்ரரியின் வெர்ஷனை ஏற்றுவது ரீஃபாக்டரிங் இல்லை. வேகமாக ஓட வைக்க கேஷ் போடுவது, அதாவது ஒருமுறை கணக்கிட்டதைச் சேமித்து வைத்து மறுபடி எடுப்பது, ரீஃபாக்டரிங் இல்லை. ‘இதெல்லாம் குப்பை, நான் புதிதாக எழுதுகிறேன்’ என்று கிளம்புவது நிச்சயமாக இல்லை. அந்த வேலைகளுக்கும் தேவை வரும், மறுக்கவில்லை. ஆனால் அவற்றுக்கு வேறு பெயர், வேறு டெஸ்டிங், வேறு ரிவ்யூ.

பலருக்கும் உறைக்காத இன்னொன்று: நடுவில் ஒரு பக் கண்ணில் பட்டால் அதையும் அப்போதே சரிசெய்யக் கூடாது. ஆமாம், தப்பான அவுட்புட் கூட அப்படியே வரவேண்டும். குறித்து வையுங்கள், டிக்கெட் (செய்யவேண்டிய வேலையின் பதிவு) போடுங்கள், தனி கமிட்டில் (ஒரு தடவையில் சேமிக்கும் மாற்றம்) திருத்துங்கள். அந்தத் தப்பை நம்பி எந்த ரிப்போர்ட் எங்கே ஓடிக்கொண்டிருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது.

இதைப் படித்துவிட்டு ‘ஓடுகிற கோடைத் தொடாதே’ என்று சுவரில் ஒட்ட ஒரு மேனேஜர் தயாராக இருப்பார். அவருக்கும் ஒரு கதை உண்டு. 2025 செப்டம்பர் 3 அன்று ஜிஎஸ்டி கவுன்சில் வரி விகிதங்களை மாற்ற முடிவெடுத்தது. பெரும்பாலான பொருட்களுக்கு 12, 28 சதவீத அடுக்குகள் போய், செப்டம்பர் 22-லிருந்து புது விகிதங்கள். நடுவில் மூன்று வாரம்கூட இல்லை. வரி விகிதத்தை ‘எந்தத் தேதியிலிருந்து’ என்ற காலத்தோடு ஒரே டேபிளில் வைத்திருந்தவர்கள் புது வரிசைகளைச் சேர்த்து, சோதித்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள். கோடு முழுக்க வெறும் 12 என்று இறைத்து வைத்திருந்தவர்கள் பாடுதான் பாடு. 12 என்று தேடினால் வரியும் வருகிறது, வருடத்தின் மாதங்களும் வருகிறது, பிரிண்ட் எழுத்தின் அளவும் வருகிறது. எது எது என்று யார் சொல்வது? போதாக்குறைக்கு, 22-க்கு முன் விற்ற பொருள் பின்னால் திரும்பி வந்தால் கிரெடிட் நோட்டில் பழைய விகிதம்தான் போடவேண்டும். அதனால் கண்ணை மூடிக்கொண்டு மாற்றவும் முடியாது. அந்த எண்ணுக்கு ஒரு பெயர் வைத்து ஓரிடத்தில் உட்கார வைப்பது அமைதியான நாளில் அரை மணி நேர வேலை.

இனி யாரும் பயன்படுத்தாத, செத்த கோடை விட்டுவைப்பதும் இந்த ரகம்தான். அமெரிக்காவில் நைட் கேபிட்டல் என்ற பங்கு வர்த்தக நிறுவனம் ‘பவர் பெக்’ என்ற ஒரு வசதியை 2003-லேயே பயன்படுத்துவதை நிறுத்திவிட்டது. கோடு மட்டும் அங்கேயே கிடந்தது. ஆர்டர் நிறைவேறிவிட்டது, இனி அனுப்பாதே என்று எண்ணிச் சொல்லும் பகுதியை 2005-இல் வேறிடத்துக்கு நகர்த்தினார்கள். பவர் பெக் அதற்குப் பிறகும் சரியாக ஓடுகிறதா என்று சோதிக்கவில்லை. 2012-இல் அதை நீக்கிவிட்டு, அதன் பழைய ஃப்ளாகையே (ஒரு வசதியை ஓட வைக்கும் ஸ்விட்ச் மாதிரி) புது வேலைக்குக் கொடுத்தார்கள். எட்டு சர்வர்களில் ஒன்றில் புது கோடு ஏறவில்லை. ஆகஸ்ட் 1 காலையில் அந்த ஃப்ளாக் வந்ததும் அந்த ஒரு சர்வரில் செத்தது எழுந்து, நிறுத்தத் தெரியாமல் ஆர்டர் அனுப்பிக்கொண்டே இருந்தது. சுமார் 45 நிமிடம், 46 கோடி டாலருக்கு மேல் நஷ்டம். அடுத்த வருடம் நிறுவனமே கைமாறிப் போனது. ஓடாதபடி கமென்ட் போட்டு மூடி வைத்த கோடை ‘பின்னால் தேவைப்படும்’ என்று பொத்திப் பொத்தி வைக்காதீர்கள். அழித்துவிடுங்கள், பழைய வடிவங்களைச் சேமிக்கும் கிட் ஞாபகம் வைத்திருக்கும். பழைய ஃப்ளாகுக்குப் புது அர்த்தம் கொடுக்கவே கொடுக்காதீர்கள்.

சரி, என்ன செய்வது?

டெஸ்ட் இல்லாமல் தொடாதீர்கள். டெஸ்டே இல்லாத பழைய கோடா? போன மாத பில்களை, வாடிக்கையாளர் விவரங்களை நீக்கிவிட்டு, இன்புட்டாகக் கொடுங்கள். இன்று என்ன அவுட்புட் வருகிறதோ, சரியோ தப்போ, அதைச் சேமித்து வையுங்கள். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் ஒப்பிடுங்கள். அந்த 99.50 ரூபாய் பில் இப்படி முதல் ஓட்டத்திலேயே மாட்டியிருக்கும்.

ஒரு கமிட்டில் ஒரு மாற்றம். பெயர் மாற்றினால் பெயர் மட்டும். ஃபங்ஷனைப் பிரித்தால் பிரிப்பது மட்டும். இவற்றைக் கையால் செய்யாமல் எடிட்டரிடம் விடுங்கள், அது உங்களையும் என்னையும் விட ஒழுங்காகச் செய்யும். அறுபது ஃபைல் மாறிய புல் ரிக்வெஸ்டை யாரும் ரிவ்யூ செய்வதில்லை. உருட்டிப் பார்த்துவிட்டு அப்ரூவ் பொத்தானை அழுத்துகிறார்கள்.

‘இப்படி இருந்தால்’ என்ற இஃப் நிபந்தனைக்குள் இன்னொரு இஃபாக ஐந்து அடுக்கு போனால், பொருந்தாத நிலைகளை மேலேயே ரிட்டர்ன் செய்து அனுப்பிவிடுங்கள், மிச்சம் நேராக ஓடும். ட்ரூ, ஃபால்ஸ், ட்ரூ என்று மூன்றை வரிசையாக வாங்கும் ஃபங்ஷனைப் பார்த்தால் தயவுசெய்து உடைத்துவிடுங்கள். அழைக்கும் இடத்தில் எந்த ட்ரூ எதற்கு என்று எழுதியவருக்கே மறந்திருக்கும். ஆனால் இரண்டு துண்டு ஒரே மாதிரி இருக்கிறது என்பதற்காக மட்டும் ஒன்றாக்காதீர்கள். நாளைக்கு ஒன்று மாறினால் இன்னொன்றும் மாறியே தீருமா என்று கேளுங்கள். மத்திய வரியும் மாநில வரியும் பில்லில் இரண்டு வரிகள், ரவுண்டிங்கும் இரண்டு. அவை இரண்டாகவே இருக்கட்டும்.

அப்புறம், இதற்கென்று இரண்டு வாரம் தனியாகக் கேட்டு மேனேஜரிடம் போய் நிற்காதீர்கள். கிடைக்காது. அப்படியே கிடைத்தாலும் தேவையில்லாத இடத்தையெல்லாம் கிளறி வைப்பீர்கள். அடுத்த டிக்கெட்டுக்காக எந்த ஃபைலைத் திறக்கிறீர்களோ, அந்த இடத்தை மட்டும் முதலில் ஒழுங்குபடுத்தி தனி புல் ரிக்வெஸ்டாக அனுப்புங்கள், பிறகு புது வசதியை எழுதுங்கள். எஸ்டிமேட்டில் இரண்டையும் சேர்த்தே சொல்லுங்கள்.