லிட்டரை நம்பாதே: அதிரும் குழாய் காட்டும் நிறை

'ஓடும் லிட்டரை அளக்கும் மீட்டர் வைத்து, திரவங்களை ஒரே அளவாகத்தான் விடுகிறோம்; பிறகும் பேட்சுக்கு பேட்ச் கலவை மாறுவது ஏன்?' என்று ஒரு வாசகர் கேட்கிறார். லிட்டரை நம்புவதால்தான். 20 டிகிரி செல்சியஸில் 1,000 லிட்டர் தண்ணீரின் நிறை 998 கிலோ. 60 டிகிரியில் 983 கிலோதான். வேதிவினைக்கோ நிறைதான் கணக்கு. மணிக்கொரு மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பினால், முடிவு வருவதற்குள் பேட்ச் கைமீறிப் போயிருக்கும்.

ஓட ஓட நிறையைச் சொல்வது கொரியோலிஸ் மீட்டர். உள்ளே இரண்டு வளைந்த குழாய்கள். நடுவில் ஒரு மின்காந்தச் சுருள் அவற்றை இயல்பு அதிர்வெண்ணில் எதிரெதிராக அதிர வைக்கும். வீச்சு ஒரு மில்லிமீட்டர்கூட இராது.

அழகு இனிமேல்தான். குழாயின் முனைகள் இறுகப் பிடிக்கப்பட்டவை, அசையாது. நடுப்பகுதிதான் அதிகம் ஆடும். நுழையும் திரவம் அசையாத இடத்திலிருந்து ஆடும் இடத்துக்குப் போவதால், வழிநெடுகப் பக்கவாட்டு வேகம் பெற்றாக வேண்டும். கொடுக்க வேண்டியது குழாய். நிலைமத்தால் திரவம் முரண்டுபிடிக்க, நுழைவுப் பாதி சற்றுப் பின்தங்குகிறது. வெளியேறும் பாதியில் எல்லாம் தலைகீழ்: பெற்ற வேகத்தைத் திரவம் குழாய் மீதே தள்ளிவிட்டுப் போக, அந்தப் பாதி முந்துகிறது. அதிர்வை உணர இரு பாதியிலும் வைத்த சுருள்கள் பதியும் அந்த நேர வித்தியாசம் மைக்ரோ நொடிக் கணக்குதான். ஆனால் நிறை ஓட்டத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கும். கைகழுவும் தொட்டியில் நீர் சுழலும் திசைக்கு கொரியோலிஸ் விசைதான் காரணம் என்ற கட்டுக்கதைக்கு இருக்கும் மவுசு, உண்மையான கொரியோலிஸ் விளைவான இதற்கு இல்லையே என்பது என் ஆதங்கம்.

அதே குழாய் அடர்த்தியையும் சொல்லும். கனமான திரவம் நிறைந்தால் அதிர்வெண் குறையும். வெப்பநிலையும் தெரிந்தால், சர்க்கரைக் கரைசலின் செறிவு அங்கேயே கிடைத்துவிடும்.

பெரிய எதிரி காற்றுக்குமிழி. குழாய் ஆடும்போது குமிழியும் திரவமும் ஒன்றாக நகராததால் கணக்கு பிசகும். டிரைவ் கெயின், அதாவது குழாயை அதிர வைத்திருக்கச் செலவாகும் சக்தி, எகிறினால் முதலில் குமிழியைச் சந்தேகியுங்கள். மீட்டரை பம்ப் உறிஞ்சும் பக்கத்தில் வைக்காமல், அழுத்தம் உள்ள வெளியேற்றப் பக்கத்தில் வையுங்கள். திரவம் என்றால் குழாயின் வளைவு கீழ்நோக்கி இருக்கட்டும். வண்டல் கலந்தது என்றால் மேல்நோக்கி ஓடும் செங்குத்துக் குழாயே நல்லது.

ஓட்டம் இல்லாத நிலையை மீட்டருக்குப் பூஜ்யமாகக் கற்றுத்தரும் 'ஜீரோ' செய்வதிலும் அவசரம் கூடாது. வேலை செய்யும் வெப்பநிலை வரும்வரை திரவத்தை ஓடவிட்டு, குழாய் நிறைந்திருக்கும்போதே இருபக்க வால்வையும் மூடிய பிறகு செய்யுங்கள். வால்வு கசிந்தால் அந்தக் கசிவே ஜீரோவாகப் பதிவாகி, பிறகு வரும் எல்லா அளவிலும் அது குறையும். உட்சுவரில் படிவு ஒட்டியிருக்கிறதா என்று அறிய, சுத்தமான தண்ணீரை விட்டு அடர்த்தியைச் சரிபார்த்தால் போதும்.

இவ்வளவும் சரியாக இருந்தும் கலவை மேலும் கீழும் அலைந்தால், மீட்டரைக் குறை சொல்லுமுன் தூரத்தை அளந்து பாருங்கள். கலக்கும் இடத்திலிருந்து மீட்டர் 20 மீட்டர் தள்ளி இருந்து, திரவம் நொடிக்கு 1 மீட்டர் வேகத்தில் ஓடினால் செய்தி 20 நொடி தாமதம். மீட்டரைப் பார்த்து வால்வை இயக்கும் கன்ட்ரோலர் பழைய செய்திக்கு வால்வைத் திருப்பிக்கொண்டே இருக்கும். மிக்சரை அடுத்தே மீட்டரை மாற்றுங்கள். முடியாவிட்டால் கன்ட்ரோலரின் கெயினை, அதாவது விலகலுக்கு ஏற்ப அது வால்வைத் திருப்பும் அளவை, குறையுங்கள். அளவின் ஏற்ற இறக்கத்தைச் சமன்செய்து காட்டும் டேம்பிங்கைக் கூட்டினால் திரையில் எண் அமைதியாகும், தாமதம் இன்னும் கூடும்.