இன்னொரு கம்ப்யூட்டரில் திறக்காத பாட்டு

"அண்ணே, செஷன் அனுப்பிட்டேன், மிக்ஸ் ஆரம்பிச்சிடுங்க" என்று போன் வரும். மெயிலைத் திறந்தால் 3 எம்பி-யில் ஒரே ஒரு செஷன் ஃபைல், பாட்டைப் பதிவு செய்து அடுக்கும் கியூபேஸ் மென்பொருளில் சேமித்தது. பாடகி பாடியது, வயலின் வாசித்தது, தவில் அடித்தது எதுவும் அதில் இல்லை. அனுப்பிய தம்பி ஏமாற்றவில்லை. அவருடைய கம்ப்யூட்டரில் அந்த ஃபைலைத் திறந்தால் முழுப் பாட்டும் ஒலிக்கத்தான் செய்கிறது. அதனால் அந்த ஃபைல்தான் பாட்டு என்று நினைத்துவிடுகிறார். சாலிகிராமம், வடபழனி பக்கம் மிக்ஸிங் வேலை பார்க்கும் யாரைக் கேட்டாலும் இந்தக் கதையைச் சொல்வார்கள்.

செஷன் ஃபைலில் இருப்பது குறிப்புகள் மட்டும்தான். எந்த ஒலி எந்த நொடியில் தொடங்க வேண்டும், எவ்வளவு சத்தம், எந்த பிளக்-இன் (ஒலியை மாற்றவோ உருவாக்கவோ சேர்க்கும் துணை மென்பொருள்) என்ற விவரங்கள். ஒலி வேறு ஃபோல்டரில் இருக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில் பதிவு செய்த ஒரு மோனோ டிராக், அதாவது ஒரு குரலோ வாத்தியமோ தனியாக இருக்கும் ஒலித்தடம், நிமிடத்துக்குச் சுமார் 8.6 எம்பி எடுக்கும். நாலு நிமிடப் பாட்டுக்கு ஏறக்குறைய 35 எம்பி. 80 டிராக் என்றால் 2.8 ஜிபி. ஒதுக்கிவைத்த டேக்குகளையும் (ஒரே பகுதியை மறுபடி மறுபடி எடுத்த பதிவுகள்) சேர்த்தால் இன்னும் ஏறும். 3 எம்பி வந்திருக்கிறது என்றால் பாட்டு இன்னும் வந்து சேரவில்லை.

இதே தம்பி அந்த 3 எம்பி ஃபைலைத்தான் பேக்கப் என்று கூகுள் டிரைவில் போட்டும் வைத்திருப்பார். லேப்டாப் போகிற நாளில்தான் விஷயம் தெரியவரும். என்னைப் பொறுத்தவரை, அந்தப் பாட்டை இதுவரை பார்த்தே இராத ஒரு கம்ப்யூட்டரில் திறந்து ஒலித்தால்தான் அது பேக்கப். ஒரே பாட்டு மூன்று இடத்தில் கிடக்கலாம், மூன்றும் முதல் கம்ப்யூட்டரின் டெஸ்க்டாப்பை நம்பிக்கொண்டிருந்தால் உங்களிடம் ஒரு பிரதிகூட இல்லை.

ஒலிகள் எங்கெங்கே ஒளிந்திருக்கும் என்று சொல்கிறேன். டவுன்லோட்ஸ் ஃபோல்டரிலிருந்து இழுத்துப்போட்ட லூப், திரும்பத் திரும்ப ஓடும் ஒலித்துண்டு. பாடலாசிரியர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய குரல் பதிவு. வெளி டிஸ்க்கில் இருக்கும் கிக் சாம்பிள், அதாவது டிரம்மில் ஒரு அடியின் குட்டிப் பதிவு. டெம்ப்ளேட்டைத் திறந்து பெயர் மாற்றாமலே ஆரம்பித்ததால் போன மாதப் பாட்டின் ஃபோல்டரில் போய் விழுந்த வாய்ஸ் டேக். கடைசியாகச் சொன்னது ரொம்ப ஆபத்து. பழைய பாட்டு வெளியாகிவிட்டது என்று அந்த ஃபோல்டரை அழிப்பீர்கள், புதுப் பாட்டின் குரலும் சேர்ந்து போய்விடும்.

சிதறிக் கிடப்பதை ஒரே ஃபோல்டரில் கூட்டிச் சேர்க்க ஒவ்வொரு மென்பொருளிலும் ஒரு வழி உண்டு. லாஜிக்கில் 'கன்சாலிடேட்', ஏபிள்டனில் 'கலெக்ட் ஆல் அண்ட் சேவ்', கியூபேஸில் 'ப்ரிப்பேர் ஆர்க்கைவ்', ப்ரோ டூல்ஸில் ஆடியோ ஃபைல்களை டிக் செய்து 'சேவ் காப்பி இன்', எஃப்எல் ஸ்டூடியோவில் 'ஜிப்ட் லூப் பேக்கேஜ்'. ரீப்பரில் 'சேவ் ஆஸ்' கொடுக்கும்போது மீடியாவை ப்ராஜெக்ட் ஃபோல்டருக்குள் காப்பி செய்யச் சொல்லும் கட்டத்தை டிக் செய்ய வேண்டும். பாட்டு முடிந்த பிறகு செய்யலாம் என்று தள்ளிப்போடாமல், ரெக்கார்டிங் நடந்த ஒவ்வொரு நாளும் கிளம்பும் முன் ஒருமுறை கொடுத்துவிடுங்கள். பாடகியை மறுபடி கூப்பிடும் செலவோடு பார்த்தால் அது ஒன்றுமே இல்லை.

அடுத்தது இரண்டு கம்ப்யூட்டர் சிக்கல். வீட்டில் விண்டோஸ், ஸ்டூடியோவில் மேக், பயணத்துக்கு லேப்டாப் என்று வைத்திருப்பவர்கள் இப்போது நிறைய. ட்ராப்பாக்ஸோ ஐகிளவுடோ போட்டு மூன்றையும் இணைத்துவிட்டு, தானாக பேக்கப் ஆகிறது என்று நிம்மதியாக இருந்துவிடுவார்கள். அங்கே நடப்பது சிங்க். ஒரு இடத்தில் அழித்தால் மற்ற இடங்களிலும் அழியும். ஒரு இடத்தில் கெட்டுப்போன ஃபைல் மற்ற இடங்களுக்கும் போய்ச் சேரும். கூகுள் டிரைவின் குப்பைத்தொட்டி 30 நாள்தான் வைத்திருக்கும். ட்ராப்பாக்ஸின் சாதாரணத் திட்டங்களிலும் 30 நாள்தான். தயாரிப்பாளர் மூன்று மாதம் கழித்து "அந்தப் பழைய பல்லவியே நல்லா இருந்துச்சே" என்பார். அது அவர் வழக்கம், ஆனால் அந்தப் பல்லவி குப்பைத்தொட்டியிலிருந்தும் போயிருக்கும்.

ஒரே செஷனை இரண்டு இடத்தில் திறந்து வைத்தால் கேட்கவே வேண்டாம். வீட்டில் பாதி வேலை, ஸ்டூடியோவில் பாதி வேலை, நடுவில் 'கான்ஃப்ளிக்டட் காப்பி' என்று ஒரு ஃபைல் முளைத்து நிற்கும். மேக்கில் இடம் மிச்சப்படுத்தும் வசதியை ஐகிளவுட் டிரைவில் போட்டிருந்தால் இன்னொரு வேடிக்கை. பெயர் ஃபோல்டரில் தெரியும், ஒலி மட்டும் மேகத்தில் இருக்கும். நெட் இல்லாத இடத்தில் லேப்டாப்பைத் திறந்து பாருங்கள், பாதி டிராக்குகள் வெறுமையாக வரும்.

நான் வைத்திருக்கும் ஒழுங்கு எளிமையானது. ஒரு பாட்டுக்கு ஒரு நேரத்தில் ஒரே கம்ப்யூட்டர்தான் மூலம். செஷனை எப்போதும் உள் டிஸ்க்கிலோ வேகமான எஸ்எஸ்டி-யிலோ வைத்து வேலை செய்வேன், சிங்க் ஆகும் ஃபோல்டருக்குள் வைத்து அல்ல. வேலை முடிந்ததும் மென்பொருளை மூடிவிட்டு, தேதி போட்டுப் புதிய பிரதியாகச் சேமித்து, முழு ஃபோல்டரையும் ஜிப் செய்து மேலே ஏற்றுவேன். அடுத்த கம்ப்யூட்டரில் அதை இறக்கிய பிறகு மூலம் அதுதான், பழையதை யாரும் தொடக்கூடாது. பெயரில் 2025-03-14 என்று ஆண்டு முதலில் வரும்படி தேதி போட்டால் வரிசை தானாக அமையும். 'ஃபைனல்', 'ஃபைனல் நியூ', 'ரியல் ஃபைனல்' எல்லாம் எதற்கு?

பெயர் என்றதும் இன்னொன்று. ஃபைல் பெயர்களைத் தமிழ் எழுத்தில் வைக்காதீர்கள். இதில் மொழிப்பற்று பேச ஒன்றுமில்லை. 'கொ', 'கோ' போன்ற எழுத்துகளில் வரும் குறியை விண்டோஸில் ஒரே குறியாக எழுதிவைக்கும். மேக்கின் பழைய டிஸ்க் முறையான எச்எஃப்எஸ் பிளஸ் அதையே கொம்பு, கால் என்று இரண்டாகப் பிரித்து வைக்கும். கண்ணுக்கு ஒன்றுபோலவே தெரியும், கம்ப்யூட்டருக்கு வேறு வேறு பெயர். 'கோரஸ்' என்று தமிழில் பெயரிட்ட டிராக் கண்முன்னே இருக்க, செஷன் 'ஃபைல் காணவில்லை' என்று அடம்பிடிக்கக்கூடும். தமிழைப் பாட்டு வரிகளில் வைத்துக்கொள்ளுங்கள், ஃபைல் பெயர் ஆங்கில எழுத்தில், இடைவெளிக்குப் பதில் கீழ்க்கோடு போட்டு இருக்கட்டும்.

எத்தனை பிரதி என்பதற்கு அமெரிக்கப் புகைப்படக்காரர் பீட்டர் க்ரோக் பரப்பிய 3-2-1 கணக்கு போதும். மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு இடத்தில். மூன்றாவது எண்ணைத்தான் நம் ஊரில் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். 2015 டிசம்பரில் அடையாறு பெருகியபோது தரைத்தளத்தில் இருந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். கம்ப்யூட்டர், பேக்கப் டிஸ்க், அதற்கும் ஒரு பேக்கப் டிஸ்க் என்று வைத்திருந்தாலும், எல்லாம் ஒரே மேசையில் இருந்தால் ஒரே தண்ணீர்தான் எல்லாவற்றுக்கும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோதும் வேளச்சேரி, பள்ளிக்கரணை பக்கம் அதே கதி. மூன்றாவது பிரதி திருச்சியில் அக்கா வீட்டுப் பீரோவில் இருக்கலாம், காசு கட்டி எடுத்த கிளவுடிலும் இருக்கலாம்.

கிளவுடை மட்டுமே நம்புவதும் சரியில்லை. மைஸ்பேஸ் தளத்தில் 2003 முதல் 2015 வரை கலைஞர்கள் ஏற்றிய பாட்டுகள் சர்வர் மாற்றும்போது அழிந்துவிட்டதாக 2019-ல் வெளியே தெரிந்தது. 5 கோடிக்கும் மேல் என்று செய்திகள் எழுதின. தங்களிடம் வேறு பிரதி இல்லாமல் அதையே பெட்டகமாக நினைத்திருந்தவர்களுக்குத் திரும்பிப் போக வழியில்லாமல் போனது.

டிஸ்க் எது வாங்குவது என்று கேட்பவர்களுக்கு: வேலைக்கு எஸ்எஸ்டி, பீரோவுக்கு ஹார்ட் டிஸ்க். எஸ்எஸ்டி வேகமானது, கீழே விழுந்தாலும் தாங்கும். ஆனால் மின்சாரம் கொடுக்காமல் வருடக்கணக்கில் போட்டுவைக்க அது உகந்ததல்ல. எழுதும் ஆயுள் தீர்ந்த சாதாரண எஸ்எஸ்டி, 30 டிகிரி வெப்பத்தில் மின்சாரமில்லாமல் ஓராண்டு தகவலைக் காக்க வேண்டும் என்பதுதான் சிப் துறைக்குத் தரம் வகுக்கும் ஜெடெக் அமைப்பின் அளவுகோல். புதியது இன்னும் நீண்ட காலம் தாங்கும், சரி. ஆனால் மே மாதத்தில் சென்னையில் பூட்டிய அறை 30 டிகிரியோடு நிற்குமா? ஹார்ட் டிஸ்க்கும் சாசுவதமல்ல, ஆனால் வருடத்துக்கு ஓரிரு முறை எடுத்துச் சுழலவிட்டு, ஐந்தாறு வருடத்தில் புதியதற்கு மாற்றிக்கொண்டால் சமாளிக்கலாம். மேக்கிலும் விண்டோஸிலும் எழுத வேண்டுமென்றால் எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மேட் செய்வோம். அதில் ஒரு பலவீனம் உண்டு. எழுதிக்கொண்டிருக்கும்போது கேபிளைப் பிடுங்கினால் சேதம் அதிகம். 'இஜெக்ட்' கொடுக்காமல் இழுக்கும் கைகளை எத்தனை திட்டினாலும் திருந்துவதில்லை.

பேக்கப் டிஸ்க்கை எப்போதும் சொருகியே வைக்காதீர்கள். ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரேன்சம்வேர் வந்தால் சொருகியிருக்கும் டிஸ்க்கையும் சேர்த்துப் பூட்டிவிடும். அது எந்த வழியாக வருகிறது என்று இங்கே எல்லோருக்கும் தெரியும், யாரும் பேசுவதில்லை: கிராக் செய்த பிளக்-இன். ஆன்டிவைரஸை அணைத்துவிட்டு இன்ஸ்டால் செய்யச் சொல்லும் ஃபைலை, வாழ்நாள் உழைப்பு இருக்கும் அதே கம்ப்யூட்டரில் ஓடவிடுகிறோம்.

எல்லாவற்றையும் காப்பி செய்யத் தேவையுமில்லை. காசு கொடுத்து வாங்கிய சாம்பிள் லைப்ரரிகளைத் திரும்ப இறக்கிக்கொள்ளலாம். எந்த லைப்ரரி, எந்தக் கணக்கில் வாங்கியது என்ற பட்டியல் இருந்தால் போதும். நீங்களே மதுரைப் பக்கம் போய்ப் பதிவு செய்துவந்த உறுமி, பம்பை சாம்பிள்களை மட்டும் பாட்டுகளைப் போலவே காப்பாற்றுங்கள்.

இவ்வளவும் செய்தாலும் செஷனுக்கு ஒரு வயது உண்டு. மென்பொருள் மாறும், பிளக்-இன் செய்த நிறுவனம் கடையை மூடும், மேக் சிப்பை மாற்றும். எட்டு வருடம் கழித்து அந்தச் செஷன் திறந்தாலும் சின்த் வாத்தியம் இருந்த இடத்தில் மௌனம்தான் இருக்கும். ஆகவே பாட்டு முடிந்ததும் ஒவ்வொரு டிராக்கையும் பாட்டின் தொடக்கப் புள்ளியிலிருந்தே வேவ் ஃபைலாக பவுன்ஸ் எடுத்து, அதாவது தனி ஒலி ஃபைலாக மாற்றி, வையுங்கள். வேவ் 1991-ல் வந்தது, இன்றும் எல்லா மென்பொருளும் திறக்கிறது. எல்லா டிராக்கும் ஒரே புள்ளியில் தொடங்கினால், எந்த மென்பொருளில் இறக்கினாலும் பாட்டு தானாகப் பொருந்திவிடும். குரலை எஃபெக்ட் இல்லாமல் ஒன்றும், எஃபெக்டோடு ஒன்றுமாக எடுங்கள். கூடவே வாசித்த ஸ்வரங்களைக் குறித்துவைக்கும் மிடி ஃபைல், டெம்போ, ஸ்ருதி எழுதிய ஒரு குறிப்பு. நடுவில் டெம்போ மாறினால் எந்த பாரில் (தாள வட்டத்தில்) என்பதும் அதில் இருக்கட்டும். ரீமிக்ஸ் கேட்டாலும், கச்சேரிக்குக் குரல் இல்லாத மைனஸ் ஒன் டிராக் கேட்டாலும் அப்போது கைகொடுப்பது இந்த ஃபோல்டர்தான்.

கடைசியாக, யார் வைத்திருப்பது என்ற பேச்சு. ஸ்டூடியோவில் இருக்கும் என்று இசையமைப்பாளர் நினைப்பார், அவர் வைத்திருப்பார் என்று ஸ்டூடியோ நினைக்கும், தயாரிப்பாளர் எதையுமே நினைக்கமாட்டார். நான் கொட்டேஷனிலேயே எழுதிவிடுகிறேன்: பாட்டு வெளியான நாளிலிருந்து ஆறு மாதம் ஃபைல்கள் என் பொறுப்பு, அதன்பின் உங்கள் பொறுப்பு, இரண்டு டிஸ்க்கின் விலை தனி. டிஸ்க்கை வாங்கிப்போனவர் தன் கம்ப்யூட்டரில் போட்டு, வேவ் ஃபைல்களை ஓட்டிப் பார்த்து, "எல்லாம் இருக்கு" என்று ஒரு வரி மெயில் போட வேண்டும். அந்த மெயில் வராமல் ஆறு மாதம் தாண்டினாலும் நான் அழிப்பதில்லை, டிஸ்க் வாடகைக்கு பில் மட்டும் போகும்.