சொல் விளக்கம்: பரிந்து பேசுதல்

சில மாதங்களுக்கு முன் ஒரு மொழிபெயர்ப்பைத் திருத்தித் தரச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். ‘காலநிலை நடவடிக்கைக்கான சுகாதார வழக்கறிஞர்கள்’ என்று தலைப்பு. ஆஸ்பத்திரி வழக்குகளை நடத்தும் வக்கீல்கள் ஏதோ மாநாடு போட்டிருக்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். இரண்டாவது பத்திக்கு வந்த பிறகுதான் பேசியவர்கள் டாக்டர்களும் நர்ஸுகளும் என்று தெரிந்தது. வெயிலாலும் புகையாலும் வெள்ளத்தாலும் மக்கள் நோயில் விழுகிறார்கள், காலநிலை மாற்றத்தைத் தடுக்க அரசுகள் இறங்கி வேலை செய்ய வேண்டும் என்று கேட்டவர்கள் அவர்கள். மூலத்தில் இருந்த ‘அட்வகேட்’டை மொழிபெயர்த்த ஆளோ மென்பொருளோ நேராகக் கோர்ட்டுக்கு அனுப்பிவிட்டது.

வழக்கறிஞரை அடித்துவிட்டேன். அந்த இடத்தில் எதை எழுதுவது? ஒருவருக்காகவோ ஒரு கொள்கைக்காகவோ குரல் கொடுப்பதைக் குறிக்கும் ‘அட்வகசி’க்குத் தமிழில் என்ன சொல்? அன்று மாலை முழுக்க அதிலேயே போயிற்று.

‘அட்வகேட்’டின் மூலம் லத்தீன். ‘அட்’ என்றால் பக்கம், ‘வொகாரே’ என்றால் அழைத்தல். இரண்டும் சேர்ந்து ‘அட்வொகாட்டுஸ்’, அதாவது துணைக்கு அழைக்கப்பட்டவர். பழைய ரோமில் வழக்கில் மாட்டிக்கொண்டவர், தன் பக்கம் வந்து நிற்கும்படி கூப்பிட்ட நண்பருக்குத்தான் முதலில் அந்தப் பெயர். தொழில்முறை வக்கீல் என்ற பொருள் பின்னால் வந்தது. பிரெஞ்சு வழியாக 14ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்தில் நுழைந்தது. (பிரெஞ்சில் இன்றும் வக்கீலுக்கும் அவகாடோ பழத்துக்கும் ஒரே சொல்தான். மெக்சிகோவின் நாவாட்ல் மொழிப் பெயர் ஸ்பானியர் வாயில் நுழையாமல், அவர்களுக்குப் பழகிய வக்கீல் சொல்லோடு ஒட்டிக்கொண்டது. நல்லவேளை, கொடைக்கானல்காரர்கள் பட்டர் ஃப்ரூட் என்று சொல்லித் தப்பித்துக்கொண்டார்கள்.)

இதில் கவனிக்க வேண்டியது அந்தச் செயப்பாட்டு வினை. அழைக்கப்பட்டவர் என்றால் அழைத்தவர் ஒருவர் இருக்க வேண்டும். தன் பாட்டுக்கு வந்து நிற்பவர் அட்வொகாட்டுஸ் ஆக மாட்டார்.

நம் பேச்சில் ஓடும் சொற்களிலும் இந்தக் கணக்கு உண்டு. வக்கீல் அரபியிலிருந்து பாரசீகம் வழியாக வந்தவர். ஒரு காரியம் ஒப்படைக்கப்பட்டவர் என்று பொருள். அவரோடு வந்தது வக்காலத்து. கட்சிக்காரர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால்தான் அது செல்லும். கோர்ட்டை விட்டு வெளியே வந்ததும் அந்தச் சொல்லுக்குக் குணம் மாறிவிடுகிறது. “அவனுக்கு நீ ஏன் வக்காலத்து வாங்குற?” என்று கேட்டால், யாரும் கேட்காமலே மூக்கை நுழைக்கிறாய் என்று அர்த்தம். சிபாரிசு பாரசீகச் சொல். அதில் நாற்காலி வாசனை அடிக்கும், எம்.எல்.ஏ. கடிதம் இல்லாமல் அந்தச் சொல்லை நினைத்துப் பார்க்க முடியவில்லை.

சிபாரிசுக்கு மாற்றாகப் புழக்கத்துக்கு வந்த தமிழ்ச்சொல் பரிந்துரை. இன்று அது படும் பாட்டைப் பாருங்கள். குழு பரிந்துரைக்கிறது, யூடியூப் பரிந்துரைக்கிறது, மருத்துவர் மாத்திரையைப் பரிந்துரைக்கிறார். ‘மருத்துவர் பரிந்துரையின்றி உட்கொள்ளாதீர்’ என்ற வரியைப் படிக்கும் யாருக்கும் அதற்குள் ‘பரிந்து’ என்று ஒன்று இருப்பது நினைவுக்கு வராது. பரிதல் என்றால் அன்பு கொள்ளுதல், இரங்குதல், ஒருவர் பக்கம் மனம் சாய்தல். பரிவு அதன் உடன்பிறப்பு. சொல்லின் பொருள் இன்னும் உயிரோடு இருப்பது வீட்டுப் பேச்சில்தான். அப்பா பையனை அதட்டுகிறார், அடுப்படியிலிருந்து அம்மா கரண்டியோடு வெளியே வருகிறாள். “உடனே பரிஞ்சுகிட்டு வந்துட்டியா?” என்கிறார் அப்பா. பையன் அவளைக் கூப்பிடவே இல்லை.

லத்தீன் சொல்லுக்கும் நம் சொல்லுக்கும் உள்ள வேறுபாடு இந்த இடத்தில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம். அட்வொகாட்டுஸ் கூப்பிட்டால் வருவார். பரிந்து பேசுபவர் கூப்பிடாமலே வருவார்.

நானாக இட்டுக்கட்டியதாக யாரும் நினைக்க வேண்டாம். அட்வகேட்டுக்கு இந்தச் சொல்லைப் பழைய மொழிபெயர்ப்பாளர்கள் எப்போதோ போட்டுவிட்டார்கள். தமிழ் விவிலியத்தில் யோவானின் முதல் நிருபம், இரண்டாம் அதிகாரம், முதல் வசனம்: இயேசு “நமக்காகப் பிதாவினிடத்தில் பரிந்து பேசுகிறவராயிருக்கிறார்”. ஆங்கில விவிலியத்தில் அதே இடத்தில் இருப்பது ‘அட்வகேட்’. ஞாயிற்றுக்கிழமை தோறும் காதில் விழுந்த சொல்லை விட்டுவிட்டு, ‘ஆதரவு வாதம்’, ‘கொள்கை வாதாடல்’ என்றெல்லாம் அறிக்கை எழுதுபவர்கள் ஏன் புதிது புதிதாகக் கட்டுகிறார்கள் என்று எனக்கு விளங்கவில்லை.

இன்னொரு வசதியும் உண்டு. ஆங்கிலத்தில் ஒரு கொள்கைக்கே அட்வகேட் ஆகிவிடலாம். ‘கிளைமேட் அட்வகசி’ என்று சொல்லி முடித்துவிட்டால் யாருக்காக என்று யாரும் கேட்பதில்லை. தமிழில் ‘பரிந்து பேசினார்’ என்று மட்டும் சொல்லிப் பாருங்கள். யாருக்காக என்ற கேள்வி தானாக வந்து நிற்கும். ‘காலநிலைக்காகப் பரிந்து பேசினார்’ என்று எழுதினால் ஒட்டவில்லை. வெப்பமானிக்கு இரக்கப்பட்ட மாதிரி இருக்கிறது. ஆள் வேண்டும். மருத்துவர்கள் விஷயத்தில் அந்த ஆள் நோயாளி.

இதைத் தெளிவாகச் சொன்ன முதல் மருத்துவர்களில் ருடால்ஃப் விர்ஹோ ஒருவர். 1848இன் தொடக்கத்தில், இன்று போலந்தில் இருக்கும் மேல் சிலேசியாவில் டைஃபஸ் காய்ச்சல் பரவியபோது பிரஷ்ய அரசு அவரை அங்கே அனுப்பியது. வயது 26. மருந்துப் பட்டியல் வரும் என்று எதிர்பார்த்த அரசுக்கு அவர் எழுதிக் கொடுத்தது வேறு: கல்வி வேண்டும், சுயாட்சி வேண்டும், வரிச்சுமை ஏழை தலையில் விழக்கூடாது. அதே ஆண்டு ஜூலையில் தான் தொடங்கிய வாரப் பத்திரிகையில், மருத்துவர்களே ஏழைகளின் இயல்பான வக்கீல்கள் என்று எழுதினார். ஜெர்மனில் அவர் போட்ட சொல் ‘அன்வால்ட்’. அதன் பொருள் வழக்கறிஞரேதான். ஆக, அந்த மொழிபெயர்ப்பை நான் கிண்டல் செய்தது கொஞ்சம் அவசரம். ஆனால் விர்ஹோ ‘ஏழைகளின்’ என்று ஆளைச் சொன்னார். நம் தலைப்பில் வழக்கறிஞர் இருந்தார், கட்சிக்காரரைக் காணோம்.

காலநிலை விஷயத்தில் இந்தப் பேச்சு பெரிதாகக் கேட்கத் தொடங்கியது 2009இல். லான்செட் மருத்துவ இதழும் லண்டன் பல்கலைக் கல்லூரியும் அமைத்த குழு, 21ஆம் நூற்றாண்டில் உலகின் உடல்நலத்துக்கு மிகப் பெரிய அச்சுறுத்தல் காலநிலை மாற்றம்தான் என்றது. 2021 செப்டம்பரில் இருநூறுக்கு மேற்பட்ட மருத்துவ இதழ்கள் ஒரே தலையங்கத்தை ஒரே நேரத்தில் வெளியிட்டன. போட்டி இதழ்கள் அப்படிச் சேர்வது சாதாரணமாக நடக்கிற காரியம் இல்லை. அடுத்த மாதம், கிளாஸ்கோவில் நடந்த ஐ.நா. காலநிலை மாநாட்டுக்கு முன்பாக, 450க்கு மேற்பட்ட அமைப்புகள் சேர்ந்து அரசுத் தலைவர்களுக்கு ஒரு கடிதம் எழுதின. அந்த அமைப்புகள் 4.5 கோடி நல்வாழ்வுப் பணியாளர்களின் சார்பில் பேசுபவை. கடிதத்துக்கு அவர்கள் வைத்த பெயர் நலமான காலநிலைக்கான ‘பிரிஸ்கிரிப்ஷன்’. ஆங்கிலத்தில் அது மருந்துச்சீட்டைத் தொட்டுச் சொன்ன ஒரு சிலேடை, அவ்வளவுதான். தமிழில் ‘பரிந்துரை’ என்று பெயர்த்தால் மருந்துச்சீட்டும் பரிந்து பேசியதும் ஒரே சொல்லில் அடங்கிவிடுகின்றன. மூலத்தை விட மொழிபெயர்ப்பு பொருத்தமாக அமைவது அபூர்வம். அமையும்போது அனுபவித்துக்கொள்ள வேண்டும்.

சரி, கையெழுத்துக் கடிதங்களை விடுவோம். ஒரே ஒரு நோயாளியின் குறிப்பேட்டுக்கு வருவோம். 2021 ஜூன் கடைசியில் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணம் வெந்தது. லிட்டன் என்ற சிற்றூரில் 49.6 டிகிரி செல்சியஸ். மறுநாள் அந்த ஊரே தீயில் போனது. அந்த ஒரு வாரத்தில் மாகாணத்தில் வெப்பத்தால் இறந்தவர்கள் 619 பேர். கிட்டத்தட்ட எல்லோரும் வீட்டுக்குள்ளேயே இறந்தார்கள். அதே மாகாணத்தின் நெல்சன் ஊரில் அவசரப் பிரிவுக்கு எழுபது வயதைத் தாண்டிய ஒரு பெண் வந்தார். சர்க்கரை நோய், இதயச் செயலிழப்பு, வீடு என்பது ஏசி இல்லாத ஒரு டிரெய்லர். அவரைப் பார்த்த மருத்துவர் குறிப்பேட்டில் பின்னணிக் காரணம் எழுதும் இடத்தில் ‘காலநிலை மாற்றம்’ என்று எழுதினார். ‘காலநிலை மாற்றம் என்ற நோய் உள்ள முதல் நோயாளி’ என்று பத்திரிகைகள் தலைப்புப் போட்டன. அது தவறு. அவர் எழுதியது நோயை அல்ல, நோய்முதலை. நாடி பிடிப்பவருக்கு இந்த இரண்டுக்கும் உள்ள தூரம் தெரியும்.

அந்தப் பெண் அவரிடம் வக்காலத்து எதுவும் எழுதித் தரவில்லை. வெப்பத்தில் துவண்டு வந்தவர் காலநிலைக் கொள்கையைப் பற்றியா பேசுவார்? ‘வைத்தியம் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், அரசியல் எதற்கு’ என்று மருத்துவர்களைப் பார்த்துக் கேட்பவர்கள் பிடித்துக்கொள்ளும் இடமும் இதுதான். உங்களை யார் அழைத்தது என்பது அவர்கள் கேள்வி. லத்தீன் சொல்லை வைத்துக்கொண்டு இதற்குப் பதில் சொல்வது கஷ்டம்.

அகமதாபாத்துக்குப் போனால் பதில் கிடைக்கும். 2010 மே மாத வெப்ப அலையில் அந்த நகரில் வழக்கத்தை விட 1,344 பேர் கூடுதலாக இறந்தார்கள். அப்போது அங்கே ஒரு மருத்துவமனையின் பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு, தொற்று எதுவும் இல்லாமல் உடம்பு மட்டும் அனலாய்க் கொதிக்க, குழந்தைகள் வந்துகொண்டிருந்தன. பிரசவ வார்டு இருந்தது கட்டடத்தின் உச்சி மாடியில். மொட்டை மாடிக்கு நேர் கீழே மே மாதத்தில் ஒரு அறை எப்படி இருக்கும் என்று நமக்குச் சொல்லவா வேண்டும்? வார்டைக் கீழ்த்தளத்துக்கு மாற்றினார்கள். வெப்பத்தால் உள்ளே வந்த குழந்தைகளின் எண்ணிக்கை ஏறத்தாழ 64 சதவீதம் குறைந்தது. மருத்துவர்கள் இதைக் கணக்குப் போட்டு ஆய்வுக் கட்டுரையாக எழுதி வைத்தார்கள். காந்திநகர் பொதுச் சுகாதார நிறுவனத்தினர் இறப்புக் கணக்கை மாநகராட்சி மேசையில் வைத்துப் பேசிப் பேசி, 2013இல் தெற்காசிய நகரம் ஒன்றின் முதல் வெப்பச் செயல்திட்டம் வந்தது. பிறந்து இரண்டு நாளான குழந்தை யாரைக் கூப்பிடும்? பரிந்துகொண்டு ஒருவர் வந்தால்தான் உண்டு.

தமிழ்நாட்டிலும் இப்படி ஒரு கணக்கு உண்டு. வெயிலில் வேலை செய்பவர்கள் உட்பட 800 கர்ப்பிணிகளைப் பின்தொடர்ந்த சென்னை ஆய்வாளர்கள், வெப்பத்தில் வேலை பார்ப்பவர்களுக்குக் கருச்சிதைவு அபாயம் இரண்டு மடங்குக்கு மேல் என்று 2024இல் எழுதினார்கள்.

பக்கத்து வீட்டுச் சொற்களையும் பார்த்துவிடுவோம், குழப்பம் அங்கிருந்துதான் வருகிறது. பரப்புரை என்பது ஒரு கருத்தை ஊரெல்லாம் கொண்டுபோவது. அதில் ஆள் வேண்டியதில்லை, தேர்தலுக்கும் சோப்புக்கும் செய்யலாம். வலியுறுத்தல் என்பது சொன்னதையே அழுத்திச் சொல்வது. எல்லாத் தீர்மானங்களிலும் கடைசி வரியில் வரும். மன்றாடுதல் ஒரு காலத்தில் மன்றில் நின்று வழக்குப் பேசுவதைக் குறித்தது. இன்று கெஞ்சுவதாகச் சுருங்கிவிட்டது, பாவம். போராட்டம் தனி ரகம். நீதிமன்றத் தடையை மீறி எண்ணெய்க் கிடங்கு முன் உட்கார்ந்து சிறைக்குப் போன ஓய்வுபெற்ற குடும்ப மருத்துவர் ஒருவரை, 2024 ஏப்ரலில் பிரிட்டனின் மருத்துவத் தீர்ப்பாயம் 5 மாதங்களுக்கு இடைநீக்கம் செய்தது. பரிந்து பேசுதல் முடிந்து போராட்டம் தொடங்கும் கோடு எங்கே என்பதில் மருத்துவர்களுக்குள்ளேயே இன்னும் சண்டை ஓயவில்லை.

ஊருக்குச் சொல்பவர்கள் தங்கள் வீட்டையும் பார்க்கத் தொடங்கியிருக்கிறார்கள். உலகின் பசுங்குடில் வாயு வெளியேற்றத்தில் மருத்துவத் துறையின் பங்கு 4.4 சதவீதம் என்று 2019இல் ஒரு கணக்கு வந்தது. கரியமில வாயுவைப் போல ஏறத்தாழ 2,500 மடங்கு சூடேற்றும் டெஸ்ஃபுளூரேன் மயக்க மருந்தை 2023இல் ஸ்காட்லாந்து மருத்துவமனைகள் கைவிட்டன.

ஆக, எழுதும்போது என் வழக்கம் இது. வினையாக வந்தால் ‘பரிந்து பேசு’. ஆளாக வந்தால் ‘பரிந்து பேசுபவர்’. பெயர்ச்சொல்லுக்குப் ‘பரிந்து பேசுதல்’. சுருக்கமாக ஒன்று வேண்டும் என்று அடம்பிடிப்பவர்கள் ‘பரிந்துரை’யை அதன் பழைய பொருளிலேயே எடுத்துக்கொள்ளலாம். எப்படியானாலும் முன்னால் ‘இன்னாருக்காக’ என்று ஒன்று வர வேண்டும். அந்த இடத்தில் நோயாளி, குழந்தை, உப்பளத் தொழிலாளி என்று யாரையாவது வைக்க முடியவில்லை என்றால், மூலத்தில் இருப்பது வேறு ஏதோ விளம்பரம் என்று சந்தேகப்படலாம்.

அந்தத் தலைப்பை ‘வெயிலில் வாடும் நோயாளிகளுக்காகப் பரிந்து பேசும் மருத்துவர்கள்’ என்று மாற்றி அனுப்பினேன். நீளமாக இருக்கிறது, ஒரே வரியில் அடங்கவில்லை என்று திரும்பி வந்தது. அச்சில் வந்தபோது பார்த்தேன்: ‘டாக்டர்கள் கோரிக்கை’. சம்பள உயர்வு விஷயம் என்று நினைத்து எத்தனை பேர் பக்கத்தைப் புரட்டினார்களோ.