கான்ஃபிகர் ஓடி முடிந்தது, அதனால் என்ன?

இந்த மாதத்தில் இது மூன்றாவது. ராத்திரி பத்தரை மணிக்கு ஒரு தம்பி ஸ்கிரீன்ஷாட் அனுப்புகிறார். "அண்ணா, என் மெஷின்ல ஓடுது, கன்டெய்னர்ல (தனியா அடைச்ச குட்டி சிஸ்டம்) போட்டா இசட்-ஸ்டாண்டர்ட் லைப்ரரியைக் காணோம்னு சொல்லுது. நான் எதையுமே கம்ப்ரெஸ் பண்ணலையே!" இசட்-ஸ்டாண்டர்ட் என்பது டேட்டாவைச் சுருக்கும் (கம்ப்ரெஸ்) லைப்ரரி. உண்மைதான், அவர் எதையும் சுருக்கவில்லை. அவருடைய புரோகிராம் ஒரு லாக் ஃபைலில் வரிகளை எண்ணுகிறது, அவ்வளவுதான். ஆனால் நாலு மாதம் முன்னால் கம்பைலரை (நாம் எழுதுவதை மெஷின் ஓட்டும் வடிவத்துக்கு மாற்றும் கருவி) சோர்ஸிலிருந்து பில்டு செய்தபோது, மெஷினில் என்னென்ன இருக்கிறது என்று பார்த்து பில்டுக்குத் தயார்செய்யும் கான்ஃபிகர் ஸ்கிரிப்ட் அவரைக் கேட்காமலே ஒரு முடிவெடுத்துவிட்டது. அதற்கு இப்போது பில் வந்திருக்கிறது.

அந்தக் கம்பைலர், ஓகேமல் என்ற புரோகிராமிங் மொழியினுடையது, வெர்ஷன் 5.1.0. 2023 செப்டம்பரில் வந்த அந்த வெளியீட்டில், மார்ஷல் செய்த (ஃபைலில் எழுதத் தோதாக பைட்டுகளாக மாற்றிய) டேட்டாவைச் சுருக்கிவைக்கும் வசதியை ரன்டைமுக்குள்ளேயே (ஒவ்வொரு புரோகிராமோடும் சேர்ந்து போகும் அடிப்படைப் பகுதி) சேர்த்திருந்தார்கள். பில்டு செய்கிற மெஷினில் இசட்-ஸ்டாண்டர்ட் இருந்தால் எடுத்துக்கொள்ளும், வேண்டாமென்றால் நாம்தான் வாய்திறந்து வேண்டாம் என்று சொல்ல வேண்டும். ரன்டைமில் உட்கார்ந்ததால், அந்தக் கம்பைலர் உருவாக்கும் ஒவ்வொரு புரோகிராமின் லிங்க் வரியிலும் (எந்தெந்த லைப்ரரியோடு இணைப்பது என்ற பட்டியல்) அந்த லைப்ரரி ஏறிக்கொண்டது. அதே வருடம் டிசம்பரில் வந்த 5.1.1-இல் சுருக்குவதைக் கம்பைலரின் சொந்த ஃபைல்களோடு நிறுத்திவிட்டு, ரன்டைமிலிருந்து எடுத்துவிட்டார்கள். நல்ல முடிவு, சீக்கிரமாகவும் வந்தது. நம் ஆட்கள்தான் "நல்லாத்தானே ஓடுது" என்று 5.1.0-ஐக் கட்டிக்கொண்டு அழுகிறார்கள்.

சரி, எனக்கு எரிச்சலே வரவைக்கிற விஷயத்துக்கு வருகிறேன். "ஆப்ஷனல் டிபெண்டென்சிதானே, அதை ஏன் பார்க்கணும்?" இதைச் சொல்லாத ஆளே இல்லை. டிபெண்டென்சி என்றால் ஒரு மென்பொருள் சார்ந்திருக்கும் லைப்ரரி, ஆப்ஷனல் என்றால் உங்களுக்கு விருப்பம் இருக்கிறது என்று அர்த்தம். நீங்கள் ஒன்றும் சொல்லாமல் விட்டால், அந்த விருப்பம் அந்த மெஷினில் அன்றைக்கு எந்த டெவ் பேக்கேஜ் (பில்டுக்கு வேண்டிய ஃபைல்கள் கொண்டது) தற்செயலாகக் கிடக்கிறதோ அதன் கைக்குப் போய்விடும். ஆறு மாதம் முன்னால் வேறு ஏதோ வேலைக்காக ஒருவர் போட்டுவைத்த பேக்கேஜ், இன்றைக்கு உங்கள் கம்பைலர் எப்படி இருக்கும் என்று தீர்மானிக்கிறது! ஜென்டூ லினக்ஸ்காரர்கள் இதற்கு 'ஆட்டோமேஜிக்' என்று கேலியாகப் பேரே வைத்திருக்கிறார்கள், பேக்கேஜ் போடுகிறவர்களுக்கு அது பாதி கெட்ட வார்த்தை.

ரசத்தில் கொத்தமல்லி இருந்தால் போடலாம், இல்லாவிட்டால் விடலாம், அன்றைய ரசத்தோடு கதை முடிந்தது. ரன்டைம் அப்படி இல்லை, அது உறைமோர். அதில் என்ன கலந்ததோ அது நாளைத் தயிரிலும் இருக்கும், நாளன்றைத் தயிரிலும் இருக்கும்.

இன்னொன்று. "அண்ணா, இசட்-ஸ்டாண்டர்ட் கமாண்ட் ஓடுதே, அப்புறம் ஏன் கண்டுபிடிக்கலை?" கமாண்ட் வேறு, ஓடும்போது தேவைப்படும் லைப்ரரி வேறு, பில்டுக்கு வேண்டிய ஹெடர் ஃபைல் வேறு. ஹெடர் இருக்கும் பேக்கேஜின் பெயர் டெபியன் லினக்ஸில் டெவ் என்று முடியும், ஃபெடோரா லினக்ஸில் டெவெல் என்று முடியும், அந்தப் பேக்கேஜ் இருந்தால்தான் கான்ஃபிகர் கண்ணுக்குத் தெரியும். இதை எத்தனை தடவை சொல்லியாயிற்று என்று எனக்கே கணக்கில்லை.

ஓகேமல் மட்டும் என்று நினைக்காதீர்கள். கம்பைலர்கள் கட்ட உதவும் எல்எல்விஎம் தொகுப்பை பில்டு செய்யும்போது இசட்-ஸ்டாண்டர்டுக்கு 'ஆன்' என்று கொடுத்தால் அது ஆன் ஆகிவிட்டது என்றுதானே நினைப்பீர்கள்? இல்லை, 'கிடைத்தால் எடுத்துக்கொள்' என்று மட்டும்தான் அர்த்தம். கிடைக்காவிட்டால் பில்டு நிற்க வேண்டும் என்றால் 'ஃபோர்ஸ் ஆன்' கொடுக்க வேண்டும். சி மொழிக் கம்பைலரான ஜிசிசியில் வெர்ஷன் 10-இலிருந்து எல்டிஓ (லிங்க் நேரத்தில் புரோகிராமை மொத்தமாக மெருகேற்றும் முறை) ஆப்ஜெக்ட்களை இசட்-ஸ்டாண்டர்டால் சுருக்க முடியும், அதுவும் பில்டு நேரத்தில் லைப்ரரி கிடைத்திருந்தால்தான். இரண்டு சர்வரில் ஒரே வெர்ஷன் ஜிசிசி, ஒன்று அந்த லைப்ரரியோடு பில்டு ஆனது, மற்றது இல்லாமல். முதலாவது எழுதியதை இரண்டாவது படிக்காது. 'ஒரே வெர்ஷன்தானே' என்று ஒரு முழு நாள் மண்டையை உடைத்துக்கொண்ட டீமை எனக்குத் தெரியும் (நானும் அதில் இருந்தேன், வேறென்ன). ஜிசிசியை 'மைனஸ் வி' போட்டு ஓட்டினால் எந்தெந்த எல்டிஓ சுருக்க முறைகள் உண்டு என்று ஒரு வரியில் அதுவே சொல்லிவிடும். நாங்கள் அதைப் பார்த்தது சாயங்காலம்.

சிபைத்தான் (பைத்தான் மொழியை ஓட்டும் வழக்கமான மென்பொருள்) கதை எல்லோருக்கும் தெரியும். பில்டை நடத்தும் மேக் கமாண்ட் முடியும்போது, இந்தந்த மாட்யூல்களுக்கு வேண்டியது கிடைக்கவில்லை என்று பட்டியல் போட்டுவிட்டு வெற்றிகரமாகவே முடிந்துவிடும். யாரும் படிப்பதில்லை. எஸ்எஸ்எல் (பாதுகாப்பான இணைய இணைப்புக்கான மாட்யூல்) இல்லாத பைத்தானில், பேக்கேஜ் இறக்கும் கருவியான பிப் எதையும் இறக்காது என்று தெரியவரும்போது பில்டு லாகை அழித்திருப்பார்கள்.

இனிமேலாவது இதைச் செய்யுங்கள். கான்ஃபிகரில் 'ஹெல்ப்' போட்டு, ஆப்ஷனல் லைப்ரரி ஒவ்வொன்றுக்கும் வேண்டும் அல்லது வேண்டாம் என்று பெயர் சொல்லி எழுதுங்கள், மௌனமாக எதையும் விடாதீர்கள். உங்கள் லேப்டாப்பில் பில்டு செய்து அடுத்தவருக்குக் கொடுக்காதீர்கள், அதில் என்னென்ன கிடக்கிறது என்று உங்களுக்கே தெரியாது. சுத்தமான கன்டெய்னரில், வேண்டிய பேக்கேஜ்களை மட்டும் போட்டுச் செய்யுங்கள். முடிந்ததும் ஒரு ஹலோ வேர்ல்டை கம்பைல் செய்து ரீட்எல்ஃப் என்ற கருவியில் 'நீடட்' வரிகளை (புரோகிராம் நேரடியாகக் கேட்கும் லைப்ரரிகள்) பாருங்கள். எல்டிடி என்ற கமாண்ட், லைப்ரரிகள் இழுத்துவரும் லைப்ரரிகளையும் சேர்த்துக் காட்டும், ரீட்எல்ஃப் நேரடியானதை மட்டும் காட்டும், இரண்டும் வேண்டும். அந்த இரண்டாம் கை உறவுகளை அலட்சியம் செய்யாதீர்கள். 2024 மார்ச்சில் எக்ஸ்இசட் என்ற சுருக்கும் லைப்ரரியில் பின்கதவு வெளிப்பட்டதே, அது எஸ்எஸ்ஹெச் சர்வரை (தொலைவிலிருந்து மெஷினுக்குள் நுழைய உதவுவது) எட்டியது சில டிஸ்ட்ரோக்கள் (லினக்ஸ் தொகுப்புகள்) ஒட்டிய சிஸ்டம்டி லைப்ரரி வழியாகத்தான். அந்தச் சர்வரை எழுதும் ஓபன்எஸ்எஸ்ஹெச் தானாக அதைக் கேட்கவே இல்லை.

கான்ஃபிகர் ஸ்கிரிப்ட் எழுதுகிறவர்களுக்கு ஒரு கெஞ்சல்: 'வேண்டும்' என்று சொன்னவருக்கு லைப்ரரி கிடைக்கவில்லை என்றால் தயவுசெய்து பில்டை நிறுத்துங்கள். ஐந்நூறு வரிகளுக்கு நடுவில் ஒரு வார்னிங் போடுவது சொன்னதாக ஆகாது. கம்பைலருக்கு மட்டும் தேவையானதைக் கம்பைலரோடு மட்டும் லிங்க் செய்யுங்கள்.

தம்பி 5.1.1-ஐ பில்டு செய்தார், ஓடிவிட்டது. அடுத்து யாராவது அனுப்புவதாக இருந்தால் கான்ஃபிகர் லாகையும் ரீட்எல்ஃப் வெளியீட்டையும் சேர்த்து அனுப்புங்கள். ஸ்கிரீன்ஷாட்டாக வேண்டாம், டெக்ஸ்டாக.