பழைய லென்ஸை வெயிலில் காய வைக்காதீர்கள்

இந்த மழைக்காலத்தில் வெயிலில் வைத்துக் கெடுத்து என்னிடம் பழுதுபார்க்க வந்த நான்காவது கேமரா லென்ஸ் இது. இம்முறை என் மேசைக்கு வந்திருப்பது ஜெர்மன் நிறுவனமான கார்ல் சைஸ் யேனாவின் 180 மி.மீ. சோனார் (Sonnar) லென்ஸ். தாத்தா பயன்படுத்தியது என்று ஓர் இளைஞர் கொண்டுவந்தார். உள்ளே பூஞ்சை தெரிந்ததும், யாரோ சொன்னதைக் கேட்டு மூன்று நாள் மொட்டைமாடியில் வெயிலில் வைத்திருக்கிறார். பூஞ்சை அப்படியே இருக்கிறது. கண்ணாடிகளை ஒட்டியிருந்த பால்சம் என்ற பிசின்தான் விளிம்பில் விட்டுப்போய் வானவில் நிறத்தில் மின்னுகிறது.

கையில் இருப்பது என்னவென்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். சோனார் வடிவமைப்பு லுட்விக் பெர்ட்டெலெ என்ற லென்ஸ் வடிவமைப்பாளர் தந்தது. 1936 பெர்லின் ஒலிம்பிக்கை ஒட்டி வந்த 180 மி.மீ. லென்ஸுக்கு ‘ஒலிம்பியா சோனார்’ என்றே பெயர் நிலைத்துவிட்டது. (போருக்குப் பின் கிழக்கு ஜெர்மனியில் செய்தவற்றையும் அதே பெயர் சொல்லி விற்கிறார்கள். பெயருக்காகக் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள்.) ஐந்து கண்ணாடிகளை மூன்று தொகுதிகளாக ஒட்டியிருப்பதால் காற்றைத் தொடும் பரப்புகள் ஆறு மட்டுமே. ஒளிச்சிதறலைத் தடுக்கும் பூச்சு பரவலாகாத அந்தக் காலத்தில், படம் வெளிறாமல் காத்தது இந்தச் சிக்கனம்தான். எஃப் 2.8இல், அதாவது ஒளி புகும் திறப்பை முழுதாகத் திறந்து வைத்தால், பிரகாசமான விளிம்புகளில் கொஞ்சம் நிறக்கசிவு தெரியும். 5.6க்குக் குறைத்தால் கூர்மை நன்றாகக் கூடிவிடும். முகத்துக்குப் பின்னால் காட்சி கரையும் அழகு இத்தனை ஆண்டுகளில் எனக்கு ஒரு நாளும் சலித்ததில்லை. அந்த ஒட்டுகளைத்தான் நீங்கள் வெயிலில் வேகவைக்கிறீர்கள்.

வெயில் பூஞ்சையைக் கொன்றுவிடும் என்ற நம்பிக்கை எங்கிருந்து வந்ததோ! கிருமியைக் கொல்லும் குறுகிய அலைநீளப் புறஊதாக் கதிர் வளிமண்டலத்திலேயே நின்றுவிடுகிறது. தரைக்கு வருவதிலும் ஒரு பகுதியைத் தடிமனான லென்ஸ் கண்ணாடிகள் உள்ளே விடுவதில்லை. செத்தே போனாலும் அதன் இழைகள் எங்கே போகும்? அவை கண்ணாடிமேல்தான் கிடக்கும். பூஞ்சை கக்கிய அமிலம் பூச்சை அரித்திருந்தால் அந்தத் தடத்தை எந்த வெயிலும் ஆற்றாது. இதற்கிடையே சூட்டில் கிரீஸ் இளகி, எண்ணெய், திறப்பைக் கூட்டிக் குறைக்கும் அபர்ச்சர் இதழ்களில் படிகிறது. இன்னொன்று: இந்த லென்ஸின் திறப்பு ஏறக்குறைய 64 மி.மீ. மூடியில்லாமல் வெயிலில் வைத்தால் அது பூதக்கண்ணாடி. பக்கத்தில் துணி கிடந்தால் தீப்பிடிக்கும்.

தோல் உறையில் போட்டு அலமாரியில் பூட்டாதீர்கள், தோல் ஈரத்தை வைத்துக்கொள்ளும். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். ஜெல் நிறம் மாறினால் மாற்றுங்கள். அரிசிப் பானை வேண்டவே வேண்டாம், மாவுத்தூள் உள்ளே போகும். மாதம் இருமுறையாவது வெளியே எடுத்துப் படம் பிடியுங்கள். வாங்குமுன் பின்பக்கமிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள். சிலந்திவலை போலத் தெரிந்தால் மற்ற லென்ஸ்களோடு சேர்த்து வைக்காதீர்கள். தயவுசெய்து நீங்களே திருப்புளியை எடுக்காமல் கொண்டுவாருங்கள். ஆரம்பத்திலேயே வந்தால் பெரும்பாலும் துடைத்துத் தந்துவிட முடியும்.

இந்த இளைஞரின் சோனாரில் ஒட்டை முழுவதுமாகப் பிரித்து, மையம் பிசகாமல் மறுபடி ஒட்ட வேண்டும். பழைய நிலைக்கு வரும் என்று அவருக்கு நான் வாக்குக் கொடுக்கவில்லை.