காக்ளியர் இம்ப்ளான்ட்: நத்தையும் பதியமும்

பிறவியிலேயே காது கேளாத குழந்தைக்கு அறுவை செய்து உட்செவியில் பொருத்தும் கருவிக்கு மருத்துவமனைகளில் வழங்கும் பெயர் காக்ளியர் இம்ப்ளான்ட். செய்தித்தாள்களில் காக்லியர், கோக்லியர், இம்பிளாண்ட் என்று விதவிதமாக அச்சாகிறது. ஸ்பீச் தெரபி வகுப்பு வாசலில் காத்திருக்கும் பெற்றோர் 'சி.ஐ.' என்கிறார்கள், 'பாப்பாவுக்கு காக்ளியர் வெச்சாச்சு' என்பதும் உண்டு. ஊராருக்கோ எல்லாமே 'காது மிஷின்'.

இந்தக் கடைசிப் பெயரில்தான் சிக்கல். காது மிஷின் என்று நாம் சொல்லிவந்தது, ஒலியைப் பெருக்கிக் காதுக்குள் அனுப்பும் ஹியரிங் எய்டை. இம்ப்ளான்ட் ஒலியைப் பெருக்குவதே இல்லை. காதின் பின்னால் மாட்டிய பகுதி ஒலியைப் பிடித்துக் குறியீடாக மாற்றும். தலைத்தோலில் காந்தத்தால் ஒட்டி நிற்கும் 'காயில்' என்னும் கம்பிச்சுருள் அதைத் தோலைத் தாண்டி உள்ளே அனுப்பும். உள்ளே பதித்த பகுதி அதை மின்துடிப்பாக்கி நேரே செவி நரம்பைத் தூண்டும். வெளிப்பகுதியைக் கழற்றினால் குழந்தைக்கு மறுபடியும் நிசப்தம்தான். 'கேட்கும் திறன் வந்துவிட்டது, குணமாகிவிட்டது' என்று எழுதுவது அதனாலேயே பிழை. சைகை மொழியைத் தாய்மொழியாகக் கொண்டு வாழ்பவர்களுக்கு 'குணம்' என்ற சொல் உறுத்தும் என்பது வேறு.

சரி, காக்ளியா என்றால் என்ன? கிரேக்கத்தில் 'காக்லியாஸ்' என்பது சுருண்ட ஓடுடைய நத்தை. தண்ணீர் இறைக்கும் ஆர்க்கிமிடீஸ் திருகுக்கும் அவர்கள் அதே பெயரைத்தான் வைத்தார்கள். லத்தீனுக்குப் போனதும் சொல் சாப்பாட்டு மேசைக்கும் வந்துவிட்டது: ஓட்டுக்குள்ளிருந்து நத்தைக் கறியை நோண்டி எடுக்கும் கரண்டிக்கு 'காக்ளியார்' என்று பெயர். பழைய ஐரோப்பிய மருந்துச் சீட்டுகளில் 'ஒரு கரண்டி' என்பதை அந்தச் சொல்லைச் சுருக்கித்தான் எழுதினார்கள். உட்செவியின் சுருளுக்கு இப்பெயரைச் சூட்டியவர் 16ஆம் நூற்றாண்டு இத்தாலிய உடற்கூறியலாளர் ஃபலோப்பியோ. பட்டாணி அளவே உள்ள அந்த உறுப்பு இரண்டரைச் சுற்றுக்குச் சற்று மேல் சுருண்டிருக்கும். நீட்டிப் பார்த்தால் ஏறத்தாழ 35 மில்லிமீட்டர்.

தமிழில் நத்தையின் பழைய பெயர் நந்து. 'நந்தும் முரளும் ஈரறிவினவே' என்கிறது தொல்காப்பியம். நந்துக்கு உடம்பும் நாவும் மட்டுமே அறிவுக் கருவிகள். செவி வருவது ஐந்தாம் படியில். செவியே இல்லாத உயிரின் பெயரை மேற்கத்தியர் செவியின் கருவறைக்கு வைத்ததைத் தொல்காப்பியர் பார்த்திருந்தால் சிரித்திருப்பார்.

காக்ளியாவுக்குத் தமிழில் 'நத்தை எலும்பு' என்று எழுதுவோர் உண்டு. எனக்கு இது அரைகுறையாகப் படுகிறது. எலும்பு வெளிச்சுவர்தான், கேட்பது உள்ளே, திரவம் நிறைந்த குழலில் நடக்கிறது. 'செவிச்சுருள்' அழகான சொல், ஆனால் இம்ப்ளான்ட் பற்றிப் பேசும்போது மட்டும் காலை வாரிவிடும். வெளியே தலையில் ஒட்டியிருக்கும் 'காயில்' என்பதும் தமிழில் சுருள்தானே? 'சுருள் கழன்றுவிட்டது' என்று தாய் சொன்னால் எந்தச் சுருள்? ஆகவே 'செவிநத்தை' என்பதே என் தேர்வு.

செவிநத்தைக்குள் ஒலியை உணரும் ஏறத்தாழ 15,000 மயிர்ச்செல்கள் வரிசையாக நிற்கின்றன. நுழைவாயில் பக்கம் உள்ளவை கீச்சொலிக்கு, உச்சியில் உள்ளவை கனத்த ஒலிக்கு. ஒலி அசைத்ததும் பொட்டாசியம் அவற்றுள் பாயும். பாய்ந்த பொட்டாசியம் வெளியேறி, சுற்றியுள்ள துணைச்செல்களின் வழியே மீண்டும் திரவத்துக்குத் திரும்பியாக வேண்டும். செல்லுக்குச் செல் அந்த வழியைத் திறந்து வைப்பது கனெக்சின் 26 என்னும் புரதம். அதை எழுதும் மரபணு 13ஆம் குரோமோசோமில் இருக்கும் ஜிஜேபி2. பிறவிக் கேளாமைக்கும் இதற்கும் உள்ள தொடர்பு 1997இல் தெரியவந்தது.

இந்தியக் குழந்தைகளிடம் இந்த மரபணுவில் அதிகம் காணப்படும் பிழையின் பெயர் டபிள்யூ24எக்ஸ். பூட்டுப் போட்ட பெயர்போலத் தோன்றினாலும் பிரிப்பது எளிது. டபிள்யூ என்பது டிரிப்டோஃபேன் என்ற அமினோ அமிலம். 24 அது நிற்க வேண்டிய இடம். எக்ஸ் என்றால் 'இங்கே நிறுத்து'. 226 அமினோ அமிலங்கள் நீள வேண்டிய புரதம் 23உடன் அறுந்துபோகிறது. ஐரோப்பாவின் ரோமா மக்களிடமும் இதே பிழை இருக்கிறது. அவர்களின் முன்னோர் இந்தியாவிலிருந்து போனவர்கள் என்பதை மொழியியல் முன்பே சொன்னது. மரபணுவும் அதையே சொல்கிறது.

இங்கே இன்னொரு தமிழ்ச் சொல்லைத் திருத்த வேண்டும். 'பரம்பரை நோய்' என்று மருத்துவர் சொன்னதும் 'எங்க ரெண்டு வீட்லயும் ஏழு தலைமுறையா யாருக்கும் இப்படி இல்லையே' என்று பாட்டி கோபித்துக்கொள்வார். அவர் சொல்வது உண்மையாகவே இருக்கும். இது ஒடுங்கு பண்பு. தாயிடம் ஒரு பிழைப் பிரதி, தகப்பனிடம் ஒன்று; இருவருக்கும் காது நன்றாகக் கேட்கும். பிழை இரண்டும் சேரும் குழந்தைக்குத்தான் கேளாமை. ஒவ்வொரு பிரசவத்திலும் அதற்கு நான்கில் ஒரு வாய்ப்பு. அத்தை மகன், மாமன் மகள், அக்காள் மகள் என்று சொந்தத்துக்குள் கட்டும்போது இருவரும் ஒரே முன்னோரின் பிழையைச் சுமந்திருக்கும் சாத்தியம் கூடுகிறது. ஆகவே 'பரம்பரை' என்பதைவிட 'மரபணுவழிக் கேளாமை' என்பது பொருந்தும். வீட்டில் யார் பக்கத்துக் குற்றம் என்ற சண்டையாவது ஓயும்.

கனெக்சின் பிழையில் கெடுவது செவிநத்தை. செவி நரம்பு பெரும்பாலும் நலமாகவே இருக்கிறது. நத்தையைத் தாண்டி நரம்பைத் தூண்டும் கருவி இந்தக் குழந்தைகளுக்கு நன்றாகப் பலன் தருவது இதனால்தான். ஆனால் மூளையின் கேட்கும் பகுதி ஒலியில்லாமல் வெகுநாள் காத்திருக்காது. மூன்றரை வயதுக்குள் பொருத்தினால் அது ஒலிக்குப் பழகும் வேகமே வேறு. காது கேட்கிறதா என்று பார்க்கும் பெரா டெஸ்டைத் தள்ளிப்போட்டு, 'அவன் அப்பாவும் லேட்டாத்தான் பேசினார்' என்று காத்திருப்பதுதான் பெரிய இழப்பு. தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு இந்த அறுவைக்கான செலவை ஏற்கிறது.

இனி இம்ப்ளான்ட். லத்தீனில் 'பிளான்டாரே' என்றால் நடுதல். இம்ப்ளான்ட் என்றால் உள்ளே நட்டது. சில செய்திகளில் 'காக்ளியர் மாற்று அறுவை' என்று வருகிறது. சிறுநீரகம் மாற்றுவதுபோல ஒருவருடையதை எடுத்து இன்னொருவருக்கு வைப்பது மாற்று. இங்கே யாருடைய செவிநத்தையும் யாருக்கும் போகவில்லை. 'உள்வைப்பு' பிழையில்லாத சொல், ஆனால் வைப்பு என்றதும் எனக்கு வங்கிதான் நினைவுக்கு வருகிறது. மல்லிகைக்கும் ரோஜாவுக்கும் போடும் 'பதியம்' இருக்கும்போது வேறெதற்கு? பதியம் வேர்விடும், கருவி வேர்விடாதே என்று மறுப்பார்கள். ஆங்கிலேயர் நட்டதும்தான் வேர்விடவில்லை. அவர்கள் அதற்காகச் சொல்லைக் கைவிடவில்லை.

நடுவது அப்படியொன்றும் எளிதாக இருக்கவில்லை. 1957இல் பாரிஸில் ஜூர்னோவும் எய்ரியேயும் செவி நரம்பை மின்சாரத்தால் தூண்டிக் காட்டினார்கள்; 1961இல் லாஸ் ஏஞ்சலிஸில் வில்லியம் ஹவுஸ் கருவியைப் பொருத்தினார். பேச்சு புரிய வேண்டுமானால் பல மின்முனைகள் நத்தையின் சுருளுக்குள் ஆழமாகப் போக வேண்டும். மெல்போர்னின் மருத்துவர் கிரேம் கிளார்க் அதில்தான் திணறிக்கொண்டிருந்தார். அவருடைய தந்தைக்கும் காது சரியாகக் கேட்காது. 1977இல் விடுமுறைக்கு மின்னமுரா கடற்கரைக்குப் போனவர், ஒரு சுருள் கிளிஞ்சலுக்குள் புல்லின் தாளை நுழைத்துப் பார்த்தார். நுனி நெகிழ்ந்தும் அடி விறைத்தும் இருந்த புல் சுருளோடு சுருளாக உள்ளே போய்விட்டது. காக்ளியா என்று பெயர் வைத்தவர்கள் சொன்ன வடிவத்தை அவர் சொல்லுக்குச் சொல் எடுத்துக்கொண்டார். 1978இல் முதல் நோயாளிக்குப் பல்முனைக் கருவியைப் பொருத்தினார். இரண்டு வயது நிரம்பிய குழந்தைகளுக்குப் பொருத்த அமெரிக்கா ஒப்புதல் தந்தது 1990இல். 2013இல் கிளார்க், ஆஸ்திரியாவின் இங்கெபோர்க் ஹோக்மைர், அமெரிக்காவின் பிளேக் வில்சன் மூவருக்கும் மருத்துவ ஆய்வுக்கான லாஸ்கர் விருது கிடைத்தது.

ஆக, காக்ளியர் இம்ப்ளான்ட் = செவிநத்தைப் பதியம். எலக்ட்ரோடு மின்முனை. ஸ்பீச் பிராசசருக்குப் 'பேச்சுச் செயலி' என்ற சொல் இருக்கிறது. கைப்பேசி வந்தபின் செயலி என்றால் ஆப் என்றாகிவிட்டதால் நான் 'ஒலிமாற்றி' என்பேன். மேப்பிங் (கருவியைக் குழந்தைக்கேற்பச் சரிசெய்வது), ஸ்விட்ச் ஆன் (முதன்முதலாக இயக்குவது) இரண்டையும் தொடவில்லை; பெற்றோர் வாயில் அவை பழகிவிட்டன. காப்பீட்டுப் படிவத்திலும் மருத்துவச் சான்றிதழிலும் காக்ளியர் இம்ப்ளான்ட் என்றே இருக்கட்டும். கட்டுரையிலும் பாடநூலிலும் முதல் முறை இரண்டு பெயரையும் சேர்த்து எழுதிவிட்டு, அடுத்த வரியிலிருந்து பதியம் என்று மட்டும் எழுதலாம்.