கூர்ஹவுஸ்: தமிழில் என்ன சொல்லலாம்?

ஜெர்மனியின் வீஸ்பாடன் நகரில் 'கூர்ஹவுஸ்' என்றொரு மாளிகை இருக்கிறது. இந்தச் சொல்லைத் தமிழாக்கும் யாருக்கும் 'ஸ்பா கட்டிடம்' என்றோ 'மருத்துவக் குளியலகம்' என்றோதான் முதலில் எழுதத் தோன்றும். இரண்டுமே பிழை. அந்த மாளிகைக்குள் யாரும் குளிக்கப் போவதில்லை. இசை கேட்கவும், விருந்துண்ணவும், நாலு பேரைப் பார்த்துப் பேசவும் போகிறார்கள்.

சொல்லைப் பிரித்துப் பார்ப்போம். 'ஹவுஸ்' என்றால் வீடு. 'கூர்' லத்தீன் மொழியின் 'கூரா'விலிருந்து வந்தது. கூரா என்பதற்குப் பேணுதல், அக்கறை, கவனிப்பு என்று பொருள். மருத்துவம் என்ற பொருளும் லத்தீனிலேயே அதனோடு சேர்ந்துகொண்டது. ஜெர்மன் மொழியில் வழங்கி வழங்கி, ஊற்றுநீர் உள்ள ஊரில் சில வாரங்கள் தங்கி, நீரருந்தி, நீராடி, காலாற நடந்து உடம்பைத் தேற்றிக்கொள்வதற்கு 'கூர்' என்பதே பெயராயிற்று. அப்படி வந்து தங்குகிறவரை அவர்கள் நோயாளி என்று சொல்வதில்லை. 'கூர்காஸ்ட்', அதாவது கூர் விருந்தினர் என்கிறார்கள். எவ்வளவு பண்பான சொல்! பேரரசரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை பெற்ற இளவரசர்களைக் குறிக்கும் 'கூர்ஃபூர்ஸ்ட்' என்ற சொல்லிலும் ஒரு கூர் உண்டு. அது தேர்தலைக் குறிக்கும் வேறொரு பழஞ்சொல். இரண்டையும் ஒன்றாக்கிவிடக் கூடாது.

வீஸ்பாடனின் வெந்நீரூற்றுகளை உரோமானியர் அறிந்திருந்தார்கள். அந்த நீர் மூன்று நாள் சூடு ஆறாது என்று உரோமானிய எழுத்தாளர் மூத்த பிளினி எழுதிவைத்தார். அதில் மிகை உண்டு. ஆனாலும் அங்குள்ள 'கோக்புருன்னன்' ஊற்று இன்றும் ஏறத்தாழ 66 பாகை செல்சியஸ் வெப்பத்தில் பொங்குகிறது. ஊற்றைத் தேடி வந்தவர்கள் நீராடிய நேரம் போக மீதிப் பொழுதை எங்கே கழிப்பது? அதற்காகக் கட்டியதுதான் கூர்ஹவுஸ். கிறிஸ்டியன் சைஸ் வடிவமைத்த முதல் மாளிகை 1810இல் எழுந்தது. 1865இல் ரஷ்ய எழுத்தாளர் தஸ்தயேவ்ஸ்கி சூதாடிக் கைப்பொருளை இழந்த காலத்தில் நின்றது அந்தப் பழைய மாளிகைதான்.

கூட்டம் பெருகவே அதை இடித்துவிட்டு, ஃபிரீட்ரிக் ஃபான் தியெர்ஷ் 1905 முதல் 1907 வரை இன்றைய மாளிகையைக் கட்டினார். 1907 மே மாதத்தில் இரண்டாம் வில்ஹெல்ம் பேரரசர் அதைத் திறந்துவைத்தார். அயோனியத் தூண்கள் தாங்கும் முகமண்டபத்தின் நெற்றியில் 'அக்விஸ் மத்தியாகிஸ்' என்று பொறித்திருக்கிறார்கள். 'மத்தியாக்கர்களின் நீரூற்றுகளுக்கு' என்பது பொருள். மத்தியாக்கர் என்போர் உரோமானியர் காலத்தில் அங்கே வாழ்ந்த இனக்குழுவினர். உள்ளே நுழைந்ததும் 21 மீட்டர் உயரக் குவிமாடத்தின் கீழ் நிற்போம். கிளிஞ்சல்களால் அணிசெய்த கூடமொன்றும் உண்டு. அதன் சுவரோவியங்கள் ஃபிரிட்ஸ் எர்லர் தீட்டியவை. இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சால் சிதைந்த மாளிகை பின்னர் மீட்டுக் கட்டப்பட்டது. நீராட விரும்புவோருக்கு 1913இல் கட்டிய வேறொரு குளியலகம் நகருக்குள் தனியே இருக்கிறது.

இனித் தமிழ்ச் சொல்லுக்கு வருவோம். கூராவுக்கு மிக நெருங்கிய தமிழ், 'பேண்'. உடம்பைப் பேணுகிறோம், விருந்தினரையும் பேணுகிறோம். 'பேணகம்' என்று ஆக்கினால் வேருக்கு உண்மையாக இருக்கும். ஆனால் படிப்பவர் மனத்தில் முதியோர் இல்லம்தான் தோன்றும். 'மருத்துவமனை' அறவே பொருந்தாது. நான் 'நலமன்றம்' என்பேன். மன்றம் என்பது ஊரார் மரத்தடியில் கூடிய பொதுவிடத்துக்குப் பழந்தமிழ் வைத்த பெயர். நலம் நாடி வந்தவர்கள் கூடும் இடத்துக்கு இதைவிடப் பொருந்திய சொல் எனக்குத் தெரியவில்லை. அப்படியானால் கூர்காஸ்ட் 'நலவிருந்தினர்' ஆவார்.

'ஊற்றுமன்றம்' என்று சொன்னால் ஆகாதா என்று கேட்கலாம். வீஸ்பாடனுக்கு அது சரிதான். ஆனால் நெதர்லாந்தின் ஸ்கெவெனிங்கனில் 1885இல் எழுந்த கூர்ஹவுஸ் வெந்நீரூற்றை நம்பி எழுந்ததன்று. வடகடலின் மணற்கரையில், கடல்நீராட வந்தவர்களுக்காகக் கட்டியது. நலமன்றம் என்ற பெயர் அதற்கும் பொருந்துகிறது.